கடமானுக்கு எந்தத் தோட்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழனி மலையில் கடமானைச் சுட இன்று யாருக்கும் உரிமம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991இல் வந்த திருத்தம், உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்ற பழைய வழியையும் அடைத்துவிட்டது. 2013இல் இந்த மலையின் ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் ஆனது. அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் விருப்பமும்.

பிறகு ஏன் துப்பாக்கியின் காலிபரைப் பற்றிப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவிலும் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் வாழும் தமிழர்கள், உரிமத்தோடு எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் போகும் நண்பர்களையும் சக ஊழியர்களையும் பார்க்கிறார்கள். சிலர் தாங்களே போகிறார்கள். வேட்டை அனுபவங்களை எழுதிய ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் படிக்கிறவர்கள் .275, .405 என்ற எண்களைப் பொருள் புரியாமலே தாண்டிப் போகிறார்கள். தாத்தா காலத்து ரைபிள் ஒன்று பீரோவில் கிடக்கும் வீடுகளும் தமிழ்நாட்டில் உண்டு. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொண்டால், ஓர் உயிர் எப்படிச் சாகிறது என்பதும் தெரியும். அது தெரியாதவர்கள் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

பழனி மலையில் பேரிஜம் ஏரிப் பக்கம் ஃபோர்ட் ஹாமில்டன் என்றோர் இடம் உண்டு. டக்ளஸ் ஹாமில்டன் என்ற மதராஸ் ராணுவ அதிகாரியின் பெயர் அது. 1860களின் தொடக்கத்தில் பழனி மலையைச் சுற்றிப் பார்த்து, படம் வரைந்து, அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். பெரிய வேட்டைக்காரரும்கூட. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் எழுதி வைத்த வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாக வந்தன. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் எல்க் என்று எழுதியது நம் கடமானைத்தான். நுவரெலியாவில் நாய்களை விட்டு, கத்தியால் குத்தி எல்க் வேட்டையாடியதாக 1854இல் நூல் எழுதிய சாமுவேல் பேக்கர் கொன்றதும் கடமானையே. அசல் எல்க் வட அமெரிக்காவில் இருக்கிறது. ராக்கி மலையில் நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ வரும். நம் ஆண் கடமானும் 200 முதல் 300 கிலோ வரை வரும். ஆகவே எல்க்குக்கு எந்தக் காலிபர் என்ற கேள்வி கொடைக்கானலுக்குப் புதிதல்ல. இரண்டு விலங்குக்கும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். .30 என்றால் அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 7.62. நம் ஊரில் பலருக்குப் பழக்கமான ‘பன்னிரண்டு போர்’ வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை என்ன பருமனோ அதுவே குழலின் விட்டம். எட்டு உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் இன்னும் பெரிதாகும். அதனால்தான் எண் குறையக் குறையக் குழல் பெருக்கிறது. ஹாமில்டன் காலத்தில் கரிமருந்தை வைத்துப் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஈய உருண்டைகளைச் சுட்டார்கள். உருண்டை கனமானது, ஆனால் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். நெடுந்தூரத்துக்கு அதை நம்ப முடியாது. பக்கத்தில் போய்ச் சுட வேண்டும், அல்லது ஆட்களை வைத்துக் கலைத்து விலங்கை வரவழைக்க வேண்டும்.

புகை வராத வெடிமருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தபோது எல்லாம் மாறியது. குண்டு சிறுத்தது, நீண்டது, வேகம் இரட்டிப்பானது. குண்டின் ஆற்றல் அதன் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும்: எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். அமெரிக்க ராணுவத்துக்காக 1906இல் வந்த .30-06, இன்றும் எல்க் வேட்டைக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர். 180 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 11.7 கிராம் குண்டு. குழலை விட்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஆற்றல் 3,900 ஜூல் அளவில் இருக்கும்.

கொலராடோ மாநிலம் எல்க்குக்குக் குறைந்தபட்சம் என்று விதித்திருப்பது இதைவிட மிகக் குறைவு: .24 காலிபர், 85 கிரெய்ன் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல், அதாவது சுமார் 1,350 ஜூல். ஸ்வீடன் கடுமையாக இருக்கிறது. அங்கே 400 கிலோவைத் தாண்டும் மூஸ் என்ற மாபெரும் மானைச் சுட, 9 கிராம் குண்டு 100 மீட்டரில் 2,700 ஜூல் ஆற்றலோடு போய்ச் சேர வேண்டும். குண்டு 10 கிராமுக்கு மேல் என்றால் 2,000 ஜூல் போதும். எடை கூடினால் ஆற்றலில் சலுகை! நெஞ்சுக்குள் ஆழமாகப் போவது வேகத்தால் மட்டும் ஆவதில்லை, நீண்ட கனமான குண்டால் ஆவது என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். 6.5 மில்லிமீட்டர் என்ற மெல்லிய ஸ்வீடன் தோட்டா நூறு ஆண்டுக்கு மேலாக மூஸை வீழ்த்திவருவதும் இதனால்தான்.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். அது குண்டின் உடற்கட்டு.

ஒரு வேட்டைக் குண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஈயம், வெளியே மெல்லிய செம்புச் சட்டை. மூக்குப் பக்கம் சட்டை மெலிந்தோ திறந்தோ இருக்கும். விலாவைத் துளைத்து உள்ளே போன அடுத்த கணத்தில் ஈரத் தசையின் அழுத்தம் அந்த மூக்கைப் பின்னுக்குத் தள்ளும்; குண்டு காளான் போல விரிந்து ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகும். அந்த அகலத்தோடு இரண்டு நுரையீரலையும் கிழித்துப் போனால் மான் சில நொடிகளில் நினைவிழந்து விழும். குண்டு விரியாமலே ஊடுருவினால் ஊசித் துளைதான். மான் மைல் கணக்கில் ஓடி, சோலைக்குள் எங்கோ ஒரு பள்ளத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும். குண்டு அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும். மேல்தசையில் பெரிய புண் இருக்கும், நெஞ்சுக்குள் ஒன்றும் போயிருக்காது. இரண்டும் கொடுமை. இரண்டுக்கும் காலிபரைக் குறை சொல்ல முடியாது.

இந்த விரியும் குண்டுக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதக் கிடங்கில் 1890களின் இறுதியில் செய்த .303 குண்டு இப்படித்தான் விரிந்தது; மனிதர் உடலில் அது செய்த கோரத்தைக் கண்டு 1899 ஹேக் மாநாடு போரில் அத்தகைய குண்டுகள் கூடாது என்று அறிவித்தது. போரில் தடை செய்யப்பட்ட அதே குண்டை வேட்டைச் சட்டங்கள் கட்டாயம் ஆக்குகின்றன. கொலராடோ விதியிலும் விரியும் குண்டு என்று தெளிவாக இருக்கிறது. போரில் காயம்பட்டவனைத் தூக்கிப்போய்ச் சிகிச்சை செய்ய ஆள் உண்டு. காட்டில் காயம்பட்ட மானுக்கு யாரும் இல்லை. அதற்குச் செய்யக்கூடிய ஒரே நன்மை, சாவு உடனே வருவது.

1946இல் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கருக்கும் குண்டு சிதறும் சிக்கல் வந்தது. சக்தி மிகுந்த .300 மேக்னம் ரைபிளால் சுட்டும், மூஸ் விழவில்லை. வேகமாகப் போன குண்டு உள்ளே போகாமல் உடைந்துபோனது. அவர் பெரிய துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. குண்டின் நடுவில் ஒரு செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் உள்ளே போகவும் வடிவமைத்தார். 1948இல் கடைக்கு வந்த நாஸ்லர் பார்ட்டிஷன் இன்றும் விற்கிறது. அதன்பின் ஈயத்தைச் செம்போடு ஒட்டவைத்த குண்டுகளும், முழுக்கச் செம்பாலேயே ஆனவையும் வந்தன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. ஈயத்துகள் கலந்த வேட்டை மிச்சத்தைத் தின்று காண்டர் கழுகுகள் செத்ததே காரணம்.

சரியான குண்டு சரியான இடத்தில் பட்டால் சின்னக் காலிபரும் பெரிய வேலை செய்யும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் யானைத் தந்தத்துக்காக வேட்டையாடிய டபிள்யூ. டி. எம். பெல் உதாரணம். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை, பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் ரைபிளால் கொன்றவர். அந்த எண்ணிக்கையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. யானையின் மண்டை ஓட்டுக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்திருந்தார் என்பதுதான் அவர் கதையின் சாரம். அதே 7 மில்லிமீட்டர் தோட்டாவை ரிக்பி துப்பாக்கிக் கம்பெனி .275 என்று பெயரிட்டு விற்றது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும் அந்த .275 ரிக்பிதான். தருமபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த ஆண்டர்சன் வைத்திருந்ததோ .405 வின்செஸ்டர்: 300 கிரெய்ன் எடை, வேகம் குறைவு, புதருக்குள் கிட்டத்தில் சுட ஏற்றது. இரவில் மரத்தின் மேலும் புதரோரத்திலும் இருபது முப்பது கஜத்தில் சுட்டவருக்கு அது பொருந்தியது. மலைச்சரிவில் தூரத்துக் கடமானுக்குப் பொருந்தாது.

இந்தியாவில் காலிபரைத் தீர்மானித்தது காடு மட்டுமல்ல, அரசின் பயமும்தான். ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி .450 என்பதால், கலகக்காரர் கைக்குத் தோட்டா போய்விடும் என்று பிரிட்டிஷ் அரசு 1907 அளவில் .450 தோட்டாக்களின் இறக்குமதியைத் தடுத்தது. இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .465, .470, .475 என்று புதிது புதிதாகச் செய்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் .303 போன்ற ராணுவக் காலிபர்கள் பொதுமக்களுக்குக் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப அரசின் ஆயுதத் தொழிற்சாலை .315 ரைபிளைச் செய்தது. கனமான, மெதுவான 8 மில்லிமீட்டர் குண்டு. நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் கடமான் அளவு விலங்குக்கு அது போதும். அதற்கு மேல் குண்டு வெகுவாகத் தாழ்ந்துவிடும். நம் மாநிலத்து வீடுகளில் உரிமத்தோடு இருக்கும் பழைய ரைபிள்களில் பல இந்த .315தான்.

பழனி மலையின் மேல்தளத்தை ஒருமுறை கண்ணுக்கு முன் கொண்டுவாருங்கள். வட்டமான புல்மேடுகள், மேடுகளுக்கு நடுவே நீர் ஓடும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் சோலைக் காடு. கடமான் பகலெல்லாம் சோலைக்குள் படுத்திருக்கும், மாலையில் புல்லுக்கு வரும். சந்தேகம் வந்தால் வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டி, பித்தளைத் தட்டை அடித்ததுபோல் குரல் கொடுத்து நிற்கும். அதன்பிறகு ஓரிரு பாய்ச்சலில் சோலைக்குள் மறையும். வேட்டைக்காரனுக்கு இந்த நிலம் இரண்டு சோதனைகளை வைத்தது. புல்மேட்டில் மான் 200, 250 மீட்டரில் நிற்கும். சோலைக்குள் 30 மீட்டரில் நிற்கும். காயத்தோடு அது சோலைக்குள் போய்விட்டால், கொடைக்கானல் மூடுபனியும் தூறலும் இரத்தத் தடத்தை அரை மணி நேரத்தில் அழித்துவிடும். அங்கே காலிபர் கேள்வி என்பது, சுட்ட இடத்திலேயே மான் விழுமா என்ற கேள்விதான்.

மலையில் சுடுகிறவர் அறிய வேண்டிய இன்னொன்று, சரிவு. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டைக் கீழே இழுக்கும் ஈர்ப்பு, படுக்கைத் தூரத்துக்கே வேலை செய்யும். கண்ணுக்கு 250 மீட்டர் தெரியும் செங்குத்துச் சரிவில் படுக்கைத் தூரம் 180 மீட்டர்தான் இருக்கும். 250க்குக் கணக்குப் போட்டுக் குறிவைத்தால் குண்டு முதுகுக்கு மேலே போகும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் குண்டு சமவெளியைவிடக் கொஞ்சம் குறைவாகவே தாழும். கடல்மட்டத்தில் குறி சரிபார்த்த ரைபிளை மலைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும். 200 கஜத்தில் குறி சரியாக வைத்த .30-06, 300 கஜத்தில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் தாழ்கிறது. எல்க்கின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் உயரம் ஓரடிக்குச் சற்று மேல். 300 கஜத்துக்கு அப்பால் சுடாதே என்று அனுபவசாலிகள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அப்படியானால் எதை எடுப்பது? உரிமமும் பருவமும் உள்ள நாட்டில் எல்க்குக்குப் போகிறவருக்கு என் பதில்: .270, 7 மில்லிமீட்டர் வகைகள், .308, .30-06 ஆகியவற்றில் எது கையில் இருக்கிறதோ அதுவே போதும். 140 முதல் 180 கிரெய்ன் வரையிலான, உடையாத குண்டை வாங்குங்கள். .243 சட்டப்படி செல்லும் என்றாலும் கைதேர்ந்தவருக்கு மட்டுமே, அதுவும் கிட்டத்தில். .300 வின்செஸ்டர் மேக்னமும் .338ம் கூடுதல் பலம் தரும். ஆனால் தோளில் விழும் உதையும் கூடும். உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும் கணத்தில் தன்னை அறியாமல் கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். குண்டு குடலில் போய்ப் படும். குடலில் பட்ட மேக்னத்தைவிட நுரையீரலில் பட்ட .270 ஆயிரம் மடங்கு கருணையுள்ளது. வேட்டைக்கு முன் நின்றும், உட்கார்ந்தும், மூச்சிரைக்கும்போதும் சுட்டுப் பாருங்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் எத்தனை தூரம்வரை ஒவ்வொரு குண்டும் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் உங்கள் எல்லை அல்ல.

கடமானின் கதை வேறு மாதிரிப் போய்விட்டது. 2008 முதல் அது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனம். பழனி மலையில் அதன் மேய்ச்சல் நிலமே போய்விட்டது: 1973க்கும் 2014க்கும் இடையே இங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு சீகை, யூகலிப்டஸ், பைன் மரத்தோட்டங்களாகவும் விளைநிலமாகவும் மாறியதை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் காட்டியது. எந்த ரைபிளும் செய்யாததை மரக்கன்றுகள் செய்திருக்கின்றன. புல்வெளியை மீட்கும் வேலை வேட்டைத் தடை அளவுக்கே அவசரமானது என்று நம்புகிறேன்.

இன்று வனத்துறை கால்நடை மருத்துவர் காட்டுமாட்டை மயக்கும்போது பயன்படுத்தும் கருவிக்கும் காலிபர் உண்டு. வாயு அழுத்தத்தில் இயங்கும் அந்தத் துப்பாக்கிகளில் 11, 13 மில்லிமீட்டர் மருந்து ஊசிகள் வழக்கம். அதில் வேகம் கூடினால் ஆபத்து; ஊசி எலும்பை உடைத்துவிடும். தூரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைப்பதுதான் திறமை.

கடைசியாக, மலையிலோ அடிவாரத்திலோ பழைய வீடு உள்ளவர்களுக்கு இரண்டு தகவல்கள். உரிமம் பெற்றவர் காலமாகிவிட்டால், அவரது துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சுவரில் கடமான் கொம்பு மாட்டியிருந்தால், அதற்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சான்றுள்ள கொம்பு வாரிசுக்கு வந்தால், 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.